புதுப்பிப்பு: சிறுத்தைப் பல்லியின் கூண்டுச் சூடு

நான் வளர்க்கும் சிறுத்தைப் பல்லியின் (leopard gecko) கூண்டில் சூடான பக்கம் 38 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது, பல்லி குளிர்ந்த மூலையை விட்டு வருவதே இல்லை என்று கேட்டிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி ஹீட் மேட்டுக்கு (கூண்டைச் சூடாக்கும் விரிப்பு) தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை ஒரே அளவில் வைக்கும் கருவி, போட்டாச்சு. சென்சார் நுனி இப்போது சூடான மறைவிடத்துக்குள், டைல்ஸோடு ஒட்டி இருக்கிறது; பல்லியின் வயிறு படும் இடம் அதுதானே. அங்கே 32, எதிர்ப்பக்கம் 25. கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட மீட்டர் சுவரோரச் சூட்டைத்தான் காட்டும், கழற்றிவிட்டேன்.

இரவில் 21 வரை இறங்கினால் விட்டுவிடுகிறேன். இரவுச் சூட்டுக்குச் சிவப்பு விளக்கு போடும் யோசனை மட்டும் வேண்டாம். அந்த வெளிச்சமும் பல்லியின் கண்ணை உறுத்தும்.

நேற்று புழு தின்றதும் டைல்ஸ் மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. அப்புறம், தோல் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது, உரிக்கப் போகிறது போல. தோல் எளிதாக உரிய, ஈரப்பாசி போட்ட டப்பாவைக் கூண்டின் நடுவில் வைக்கலாமென்று இருக்கிறேன், சரிதானே?