பொருள்: ‘இன்டென்ட்’ என்பதற்கு ‘வேண்டுபயன்’ – ஒரு முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். வலையமைப்பு (நெட்வொர்க்) மேலாண்மைச் சொற்பட்டியலில் ‘இன்டென்ட்’ என்பதற்கு எதிரே உள்ள கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இதுவரை ‘நோக்கம்’, ‘எண்ணம்’, ‘உள்ளக்கிடக்கை’, ‘கொள்கை’ ஆகிய நான்கு சொற்கள் வந்துள்ளன. நான்கில் எதையும் ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘வேண்டுபயன்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. மடல் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்துறையின் வருங்கால ஆய்வுகளில் பெரும்பங்கு இந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடக்கும் என்று நம்புகிறேன். இதில் அவசரப்பட்டுவிட்டால் பின்னால் வரும் பத்துப் பதினைந்து சொற்களும் கோணலாகிவிடும்.

முதலில் பொருள். 2022 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 9315 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதை வரையறுக்கிறது. ஒரு வலையமைப்பு எட்டவேண்டிய இலக்குகளையும் தரவேண்டிய விளைவுகளையும் மட்டும் அறிவிப்பது; அவற்றை எவ்வழியில் அடைவது என்பதைச் சொல்லாமல் விடுவது. வரையறையின் உயிர் அந்தச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

இந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. 1988இல் எஸ்என்எம்பி என்னும் வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வந்தபோது, கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு நிலவரம் அறிவதே பெரிய வசதியாக இருந்தது. 2002இல் இணையக் கட்டமைப்புக் குழு கூட்டிய பயிலரங்கில், வலையமைப்புகளை நடத்துபவர்கள் தங்கள் குறையைத் திறந்து சொன்னார்கள். கண்காணிக்க எஸ்என்எம்பி உதவுகிறது, கருவிகளின் அமைவுகளை (கான்ஃபிகரேஷன்) மாற்ற உதவவில்லை. தனித்தனிக் கருவியை அல்ல, வலையமைப்பு முழுவதையும் ஒன்றாக வைத்து அமைக்க வழி வேண்டும் என்றார்கள். அதன் விளைவாகவே அமைவுகளை மாற்ற 2006இல் நெட்கான்ஃப் நெறிமுறையும், அவற்றை விவரிக்க 2010இல் யாங் மொழியும் பிறந்தன. அப்போதும் ‘எப்படி’ என்பதை மனிதர்தான் எழுதவேண்டியிருந்தது. இப்போதைய ஆய்வு அந்தப் பொறுப்பை வலையமைப்பிடமே ஒப்படைக்கப் பார்க்கிறது.

நான் எழுதுவது திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து. பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் கடைமடைப் பகுதியில், மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினாலே பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. வெண்ணாற்றில் எத்தனை கன அடி விடுவது, எந்த மதகை எவ்வளவு தூக்குவது, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் முறை வைப்பது என்பதையெல்லாம் பொறியாளர்களும் மதகுகளை இயக்கும் லஸ்கர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். கடைமடை விவசாயி மனுவில் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: ‘நாற்றங்கால் காய்வதற்குள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரவேண்டும்.’ மதகைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் நிறைவேறியதா இல்லையா என்பதை வாய்க்கால் கரையில் நின்று யாரும் சொல்லிவிடலாம். மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்ற அறிக்கையைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. வேண்டியது, வேண்டிய பயன் வந்ததா என்று பார்க்கக்கூடியது, ஆகிய இரண்டும் சொல்லுக்குள் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

‘நோக்கம்’ இந்தச் சோதனையில் தவறுகிறது. எந்தத் திட்டத்துக்கும் நோக்கம் உண்டு. அது நிறைவேறாமலே திட்டம் முடிந்துபோவதும் உண்டு. ‘எண்ணம்’, ‘உள்ளக்கிடக்கை’ இரண்டும் மனத்துக்குள்ளேயே இருப்பவை. இயந்திரத்திடம் அறிவிக்கப்பட்ட ஒன்றை அவை குறிக்கமாட்டா. ‘கொள்கை’யை ‘பாலிசி’க்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பாலிசி என்பது ‘இது நேர்ந்தால் இதைச் செய்’ என்னும் விதி. அதையே இதற்கும் வைத்தால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

சொல் எவ்வளவு தாங்கும் என்பதை ஆய்வுச் சிக்கல்களில் வைத்துப் பார்ப்போம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. அப்படி ஓர் இரவுக்கு இரண்டு வேண்டுபயன்களை முன்கூட்டியே அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று: கட்டுப்பாட்டு அறைக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் இடையே குரல் அழைப்பு அறுபடக்கூடாது. மற்றொன்று: கோபுரங்களின் மின்கலம் பொழுது விடியும்வரை தாங்கவேண்டும். முதலாவதைக் காக்கக் கோபுரம் முழு வலுவில் இயங்கவேண்டும். இரண்டாவதைக் காக்க அடக்கி வாசிக்கவேண்டும். இது ‘வேண்டுபயன் முரண்’. எதற்கு எது விட்டுக்கொடுப்பது, அந்த முடிவை இயந்திரம் எடுத்தால் ஏன் எடுத்தது என்று அதிகாரிக்கு எப்படி விளக்குவது என்பவை இன்னும் தீராத கேள்விகள்.

அடுத்தது ‘டிரிஃப்ட்’: அறிவித்த வேண்டுபயனிலிருந்து வலையமைப்பு மெல்ல விலகிப்போவது. இதற்கு ‘வேண்டுபயன் வழுவல்’ என்கிறேன். வாய்க்கால் தூர்வாரும்போது ஜேசிபி கரையோரம் போகும் கண்ணாடி இழையைக் கிழித்துவிட்டால், ஊராட்சி அலுவலகத்து இணையப் பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மின்னும். பார்த்தவர் தொலைபேசியில் சொல்லிவிடுவார். ஆட்கள் வந்து இழையை ஒட்டிவிட்டுப் போவார்கள், விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஒவ்வோர் ஒட்டிலும் ஒளி கொஞ்சம் குறைகிறது. அடுத்த தூர்வாரலில் இன்னோர் ஒட்டு. கையிருப்பாக வைத்திருந்த ஒளி அளவு தேய்ந்துகொண்டே போக, பெட்டியில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். கேட்ட தரம் மெல்ல நழுவுகிறது, எந்த எச்சரிக்கையும் எழவில்லை. சிவப்பு விளக்குக்காகக் காத்திராமல் இந்த வழுவலை முன்னதாகக் கண்டுபிடிப்பது எப்படி என்பது, என்னைக் கேட்டால், இத்துறையின் மிக நுட்பமான கேள்வி.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோனதை எல்லோரும் அறிவோம். பராமரிப்பின்போது கொடுத்த ஓர் ஆணை தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. அதைத் தடுக்கவேண்டிய தணிக்கை மென்பொருளில் பிழை இருந்தது. தரவு மையங்களை எட்ட முடியாததைக் கண்ட டிஎன்எஸ் சேவையகங்கள் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருபவை), விதிப்படியே, தங்களை எட்டும் வழியை உலகுக்குச் சொல்லும் வழியறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஒவ்வொரு சேவையகமும் தன்னளவில் சரியாகத்தான் நடந்தது; எல்லாம் ஒரே நேரத்தில் அப்படி நடந்ததில் முழுதும் இருண்டது. தானியங்கும் மேலாண்மையை நம்பி நாம் எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இதைவிடப் பாடமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

தமிழுக்கு இதில் நேரடிப் பங்கு ஒன்றும் இருக்கிறது. வேண்டுபயனை இயல்பான மொழியிலேயே சொல்ல, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் அதைக் கருவிகளின் அமைவுகளாக மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. நாளை நாகப்பட்டினத்தில் பணியில் இருப்பவர் அதைத் தமிழில் சொல்லவும் கூடும். ‘ராத்திரி முழுக்கத் தடையில்லாமல்’ என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? ஒரு நொடித் தாமதம் தடையா? இந்தத் தெளிவின்மைகளைத் தமிழிலேயே ஆராய ஆளும் வேண்டும், சொல்லும் வேண்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தனிமடலில் எழுப்பிய ஐயம் நியாயமானது: ‘பயனர்’, ‘பயன்பாடு’ என்ற சொற்கள் புழங்கும் இடத்தில் ‘பயன்’ என்றால் உபயோகம் என்று படித்துவிடமாட்டார்களா? முதல் வாசிப்பில் சிலர் படிக்கலாம். ஆனால் ‘வினைப்பயன்’ என்னும்போது யாரும் உபயோகம் என்று கொள்வதில்லை, விளைவு என்றே கொள்கிறோம். ‘வேண்டுகோள்’ போலவே இதுவும் வினைத்தொகை என்பதால் நாவில் தட்டாமல் வருகிறது. வேண்டுபயனை, வேண்டுபயன்கள் என்று உருபும் பன்மையும் சிக்கலின்றி ஏற்கிறது.

ஆகவே பட்டியலில் வேண்டுபயன், வேண்டுபயன்வழி வலையமைப்பு (‘இன்டென்ட்-பேஸ்டு நெட்வொர்க்கிங்’), வேண்டுபயன் முரண், வேண்டுபயன் வழுவல் ஆகியவற்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘வழுவல்’ இலக்கண வழுவை நினைவூட்டுகிறது என்றால் ‘நழுவல்’ என்று மாற்றிக்கொள்ளவும் எனக்குச் சம்மதம். அறிவித்த பயன் தொடர்ந்து கிடைக்கிறதா என்று உறுதிசெய்யும் ‘அஷ்யூரன்ஸ்’ என்பதற்குத்தான் இன்னும் எதுவும் பிடிபடவில்லை. ‘உறுதிகாப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், ‘காப்புறுதி’ இலங்கையில் இன்சூரன்ஸைக் குறிப்பதால் தயங்குகிறேன். அந்த ஒன்றுக்கு ஈழத்து நண்பர்கள் முதலில் எழுதினால் நல்லது.

அன்புடன்,
திருத்துறைப்பூண்டியிலிருந்து