இணையத் தரவை வாங்க ஃபெட்ச்சை (fetch) விட்டு, அதன் மேல் எழுதிய மெல்லிய உறைக்கு மாறியவர்கள் உண்டா?

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் என் மாமாவிடம் ஒரு படகு இருக்கிறது. பருவகாலத்தில் புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வார். காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் காட்டும் சிறிய இணையப் பக்கம் ஒன்றை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். சேவையகத்திடம் தரவைக் கேட்டு வாங்க உலாவியோடு வரும் ஃபெட்ச் என்ற கட்டளை மட்டும்தான், இருபது வரி.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அழைத்தார். "என்ன மருமகன், இங்கே கச்சான் காற்று தென்னோலையைப் பிய்த்து எறிகிறது. உன் பக்கத்தில் காற்று பூச்சியம் என்று நிற்கிறதே?"

வானிலைத் தரவு தரும் சேவையகம் 500 என்ற பிழையைத் திருப்பியிருந்தது. இணைப்பே கிடைக்காதபோதுதான் ஃபெட்ச் தோல்வி என்று சொல்லும். 404 (கேட்டது இல்லை), 500 (சேவையகத்தில் பிழை) எல்லாம் அதன் கணக்கில் ஒழுங்காக வந்து சேர்ந்த பதில்கள். இந்த எண்களை, அதாவது நிலைக்குறியைப் பார்க்க வேண்டியது நம் வேலை. நான் பார்க்கவில்லை. போதாததற்கு, மதிப்பு இல்லையென்றால் பூச்சியத்தைப் போடு என்று நானே எழுதி வைத்திருந்தேன். என்ன கெட்டித்தனம்!

பிறகு கேஒய் (ky) என்ற லைப்ரரிக்கு, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரலுக்கு மாறினேன். ஃபெட்ச்சின் மேல் போர்த்திய மெல்லிய உறைதான் அது. 404, 500 வந்தால் பிழையாக எறிகிறது. பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் காத்திருப்பதை நிறுத்துகிறது. 500, 503 போன்றவை வந்தால் தரவைக் கேட்கும் கெட் (GET) கோரிக்கையை இன்னும் இரண்டு முறை தானாகவே முயல்கிறது. அந்த இரண்டெழுத்துக்கு ஜப்பானியப் பேச்சுவழக்கில் "காற்றைப் படிக்கத் தெரியாதவன்" என்று பொருளாம், அதாவது சூழல் புரியாதவன். காற்றைப் படிக்கவென்று நான் தேடிப் பிடித்தது அதைத்தான்.

இப்போது தரவு வராவிட்டால் "தகவல் இல்லை" என்று பக்கம் சொல்லிவிடுகிறது. "அது போதும், மிச்சத்தை நான் கடலைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்" என்கிறார் மாமா.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: நான் பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவன். அதில் கோரிக்கை அனுப்பும் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் கால வரம்பை நாமே கொடுக்காவிட்டால் அது பாட்டுக்குக் காத்திருக்கும். இரவு ஓடவிட்ட நிரல் விடியும்வரை முதல் கோரிக்கையிலேயே நின்றிருந்தது. பிழையும் இல்லை, பதிவும் இல்லை. காலையில் தேநீரோடு வந்து உட்கார்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

உப்புவெளியிலிருந்து: தரவை அனுப்பிப் பதியும் போஸ்ட் (POST) கோரிக்கைகளை கேஒய் மீண்டும் முயலாது. அதைக் குறையென்று எண்ணி, முயலும் வகைகளில் போஸ்ட்டையும் சேர்த்தேன். விடுதி அறைப் பதிவுக்கான பக்கம் அது. சேவையகம் பதிவைச் செய்து முடித்திருக்கிறது, கோரிக்கையை நடுவில் கடத்திவிடும் நுழைவாயில் சேவையகம் பொறுமையிழந்து, நேரம் கடந்தது என்ற 504 பிழையை அனுப்பியிருக்கிறது. உடனே இன்னொரு முயற்சி, அதற்கும் 504, மறுபடியும் ஒன்று. ஒரு தம்பதிக்கு மூன்று அறைகள்! தேனிலவுக்கு வந்தவர்கள் வேறு. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாள எண்ணை அனுப்புகிறேன். அதே எண் திரும்ப வந்தால் சேவையகம் புதிதாகப் பதிவதில்லை.

சீனன்குடாவிலிருந்து: இதற்கெல்லாம் ஒரு லைப்ரரியா? நிலைக்குறியைப் பார்க்க ஒரு வரி, கால வரம்புக்கு ஒரு வரி. நானே எழுதிக்கொள்கிறேன்.

நிலாவெளி: நானும் அப்படித்தான் தொடங்கினேன் அண்ணா. மீண்டும் முயலும் பகுதியைச் சேர்த்தேன். கோரிக்கைகள் அதிகம் என்னும் 429 வந்தபோது, எவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்கிறது என்று படிக்கும் பகுதியைச் சேர்த்தேன். அறுபது வரியானதும் கைவிட்டேன். ஒரே ஒரு கோரிக்கை அனுப்பும் பக்கமென்றால் நீங்கள் சொல்வதே சரி.

கிண்ணியாவிலிருந்து: தம்பி, உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சூரிய உதயம் நள்ளிரவு 12.25 என்று இருக்கிறதே?

நிலாவெளி: கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி பின்னால் நிற்கிறது. கோரிக்கையில் நேர வலயத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். எல்லாம் சரி என்னும் 200 பதிலோடு வரும் தவறை எந்த உறை பிடிக்கும்? இப்போது கொழும்பு நேரம் என்று சேர்த்துவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.