பெண்டன்வில்லுக்குக் குடிபோகிறோம்: இந்த ஊரில் உண்மையில் எத்தனை பேர்?

கயல்_கோவை:
வணக்கம். கணவருக்கு ஆர்கன்சாவில் பெண்டன்வில் ஊருக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது. இப்போது நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். ஊரைப் பற்றித் தேடினால் 2020 சென்சஸில் 54,164 பேர் என்று இருக்கிறது. இன்னொரு தளத்தில் அதைவிடக் கூடுதல். மூன்றாவது தளம் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்கிறது. எதை நம்புவது? எடிசனிலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல். தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று எங்கேயும் கிடைக்கவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு. அவள் வகுப்பில் நம் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லாமல் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பெண்டன்வில்_முத்து:
வாருங்கள் சகோதரி. 2009 கடைசியில் ஆறு மாத வேலை என்று சொல்லி என்னை இங்கே அனுப்பினார்கள். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

மூன்று எண்ணும் சரிதான். 54,164 என்பது 2020 ஏப்ரல் 1ஆம் தேதிக் கணக்கு, நகர எல்லைக்குள் மட்டும். கூடுதலாகப் பார்த்தது சென்சஸ் அலுவலகம் ஆண்டுதோறும் ஜூலை 1ஐ வைத்து வெளியிடும் மதிப்பீடாக இருக்கும். பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் என்று கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) கணக்குப் போட்டு, வீடுகளின் எண்ணிக்கையை வைத்து ஊர்களுக்குப் பிரிப்பார்கள். ஐந்து லட்சம் என்பது ஃபேயட்வில், ஸ்ப்ரிங்டேல், ரோஜர்ஸ், பெண்டன்வில் என்று தொடுத்தாற்போல் இருக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்தது. நீங்கள் வாழப்போவது இந்த மூன்றாவது எண்ணில்தான். வீடு ஓர் ஊர், ஆபீஸ் ஓர் ஊர், மளிகை வேறோர் ஊர் என்று இருப்பவர்களே அதிகம்.

இந்த ஊருக்கு மொத்த எண்ணிக்கையைவிட அது ஏறிய வேகத்தைப் பாருங்கள். வால்மார்ட்டை உருவாக்கிய சாம் வால்டன் இங்கே சதுக்கத்தில் சில்லறைக் கடை திறந்த 1950இல் 3,000 பேர்கூட இல்லை. 2000இல் 19,730. 2010இல் 35,301. அடுத்த பத்து வருடத்தில் இன்னொரு பத்தொன்பதாயிரம் பேர். அதே பத்து வருடத்தில் ஆர்கன்சாவின் 75 கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆட்கள் குறைந்தார்கள். வால்மார்ட் தலைமையகம், அதற்குச் சரக்கு விற்கும் கம்பெனிகளின் அலுவலகங்கள், அதற்கு மென்பொருள் எழுதும் நம் ஆட்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த ஊர் இது. நான் வந்தபோது மாடு மேய்ந்துகொண்டிருந்த மேற்குப் பக்கத்தில், சென்டர்டனில், 2016இல் இரண்டாவது உயர்நிலைப் பள்ளியே திறந்துவிட்டார்கள்.

தமிழர் எண்ணிக்கை கிடைக்காததில் நம் தவறும் இருக்கிறது. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். 2010இல் நாங்கள் நான்கு பேர் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். சென்சஸ் படிவம் வந்தது. "நாம் விசாவில் இருப்பவர்கள், நமக்கு இது இல்லை" என்று குப்பையில் போட்டோம். பிறகு ஒரு பெண்மணி வந்து கதவைத் தட்டினார். விளக்கை அணைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த 35,301இல் நாங்கள் நால்வரும் இருக்கிறோமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குடிமகனா, விசாவா என்பது அந்தக் கணக்குக்குப் பொருட்டே இல்லை; வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கே எண்ணப்பட வேண்டும். தனி ஆளின் விவரம் 72 ஆண்டுகள் வெளியே வராது என்பதும் சட்டம்.

2020இல் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அப்படியும் சென்சஸ் அலுவலகமே பின்னால் சரிபார்த்தபோது ஆர்கன்சாவில் 5.04 சதவீதம் பேர் விட்டுப்போனதாகத் தெரிந்தது. எல்லா மாநிலங்களிலும் அதுதான் மிக மோசம். அரசு பணத்தைப் பிரிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்; விட்டுப்போன ஆளுக்கான சாலைப் பணமும் பள்ளிப் பணமும் வராது. ஆனால் அந்த ஆள் அதே சாலையில்தான் போகிறான், அவன் பிள்ளை அதே பள்ளியில்தான் படிக்கிறது.

ஸ்ப்ரிங்டேல்_மீனா:
முத்து அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெண்டன்வில்லை மட்டும் பார்த்துவிட்டு இது ஐடி ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இருக்கும் ஸ்ப்ரிங்டேல் கோழி இறைச்சித் தொழிலால் வளர்ந்த ஊர். டைசன் கம்பெனியின் தலைமையகம் இங்கேதான். மெக்சிகோ, எல் சால்வடோர் குடும்பங்கள் நிறைய. அமெரிக்கப் பெருநிலத்தில், பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளின் மக்கள் மிக அதிகமாக வாழ்வதும் இங்கேதான். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது அவர்கள் தீவுகளில். இரு நாட்டு ஒப்பந்தப்படி அவர்கள் விசா இல்லாமல் வந்து வேலை செய்யலாம்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பது தனி சர்வே. அதன் சுருக்க அட்டவணையில் இந்தி ஒரு கூடையிலும், தமிழ் "ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்" என்ற கூடையிலும் விழும். மார்ஷலீஸ் மொழியும் அதே கூடைதான். அதனால் இந்தப் பகுதிக்கான எண்ணை எடுத்து, இவ்வளவும் நம் ஆட்கள் என்று நினைத்துவிடக் கூடாது. என் மகனுடைய நெருங்கிய நண்பன் ஒரு மார்ஷலீஸ் பையன். எங்கள் வீட்டுப் புளிசாதம் என்றால் அவனுக்கு உயிர்.

கயல்_கோவை:
இருவருக்கும் மிக்க நன்றி. முத்து அண்ணா, அந்த 2010 விஷயம் மனதைத் தொட்டது. நாங்களும் 2020இல் எடிசனில் நிரப்பவில்லை. சரி, அப்படியானால் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

பெண்டன்வில்_முத்து:
அட்டவணையைத் தேடாதீர்கள். நான் வந்த வருடம் பொங்கலுக்கு ஒரே வீட்டில், ஒரே குக்கரில் முடித்தோம். இப்போது பொங்கலுக்கு இடம் வாடகைக்கு எடுக்கிறோம், பந்தியே இரண்டு வைக்கிறோம். என் மகள் வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளைகள் மூன்று பேர், தெலுங்குப் பிள்ளைகள் அதைவிட அதிகம்.

வீடு முடிவாவதற்குள் பள்ளி எல்லை வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். ஊர் பெருக்கிற வேகத்தில் எல்லையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் தெருவையே இரண்டு தடவை மாற்றினார்கள். பார்க்கிற வீட்டின் தெருப் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், எந்தப் பள்ளி வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.