எல்க் வேட்டைக்குப் பொது நிலம்: நிலம் இருக்கிறது, பாதை இருக்கிறதா?

டாலஸ் டு டென்வர்

வணக்கம். பிப்ரவரியில் டாலஸிலிருந்து டென்வர் பக்கம் குடிவந்தோம். டெக்சாஸில் இருந்தபோது ஆபீஸ் நண்பர் ஒருவரோடு நாலு வருடம் மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். அங்கே வேலை சுலபம். ஒரு பண்ணையை லீஸுக்கு எடுப்போம், பணம் கட்டினால் கேட் பூட்டின் நம்பர் தருவார்கள், அவ்வளவுதான். இங்கே யாரைக் கேட்டாலும் "பொது நிலம் கொட்டிக் கிடக்கிறது, லீஸ் எதற்கு?" என்கிறார்கள். வரைபடத்தைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. இந்த வருடமே எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போக ஆசை. ரைஃபிள் இருக்கிறது, வேட்டைப் பயிற்சி முடித்து டெக்சாஸில் வாங்கிய ஹன்டர் எஜுகேஷன் அட்டை இருக்கிறது, கிரீன் கார்டும் வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? நல்ல இடம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

தேனிக்காரன்

வாங்க தம்பி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நல்ல இடம் எது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் காளான் முளைக்கிற இடத்தைப் பங்காளிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். அதே கதைதான். இடத்தை எப்படித் தேடுவது என்று கேளுங்கள், ராத்திரி முழுக்கச் சொல்வார்கள்.

டெக்சாஸில் ஏறக்குறைய எல்லாமே தனியார் நிலம். கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மத்திய அரசு நிலம். எல்க்கும் வேறெந்த மாநிலத்தைவிடவும் இங்கேதான் அதிகம். ஆக, நிலத்துக்குப் பஞ்சமில்லை. வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊரில் மனை வாங்கி ஏமாந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: பட்டா சுத்தமாக இருக்கும், புலப்படத்தில் மனை இருக்கும், நேரில் போனால் சுற்றிலும் அடுத்தவர் தோட்டம், வண்டிப்பாதை இருக்காது. சட்டப்படி உள்ளே போக வழியே இல்லாத மத்திய அரசு நிலம் மேற்கு மாநிலங்களில் 95 லட்சம் ஏக்கர் இருக்கிறது என்று 2018இல் ஆன்எக்ஸ் என்கிற வரைபடச் செயலி நிறுவனமும் தியடோர் ரூஸ்வெல்ட் கன்சர்வேஷன் பார்ட்னர்ஷிப் அமைப்பும் சேர்ந்து கணக்கெடுத்துச் சொன்னார்கள். அதனால் "நிலம் எங்கே" என்று தேடாதீர்கள், "பாதை எங்கே" என்று தேடுங்கள்.

வரைபடத்தின் நிறங்களைப் படிக்கப் பழகுங்கள். பச்சை என்றால் தேசிய வனம். மஞ்சள் என்றால் பி.எல்.எம்., அதாவது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை. இந்த இரண்டும் பொதுவாக வேட்டைக்குத் திறந்தவை, முகாம் போட்டும் தங்கலாம். வெள்ளை தனியார். தேசியப் பூங்காவை மறந்துவிடுங்கள். செப்டம்பரில் எஸ்டஸ் பார்க் ஊருக்குள் எல்க் நடுரோட்டில் நின்று, துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி கத்திக்கொண்டிருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். பக்கத்தில் இருக்கும் ராக்கி மவுன்டன் நேஷனல் பார்க்குக்குள் வேட்டை கிடையாது.

நீலத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நீலம் மாநில அரசு நிலம், ஆனால் நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி நினைத்துவிடக்கூடாது. பள்ளிக்கூடங்களுக்கு வருமானம் வரட்டும் என்று ஒதுக்கிய டிரஸ்ட் நிலம் அது. மாட்டுக்காரருக்கோ விவசாயிக்கோ குத்தகைக்கு விட்டிருப்பார்கள். கொலராடோவில் அது பொதுவாக மூடியதுதான். மாநில வனவிலங்குத் துறை, இங்கே எல்லாரும் சி.பி.டபிள்யூ. என்பார்கள், வேட்டைக்காகக் குத்தகை எடுத்த துண்டுகள் மட்டுமே திறந்தவை. வயோமிங்கில் தலைகீழ், பாதை இருந்தால் பொதுவாக டிரஸ்ட் நிலத்தில் வேட்டையாடலாம். எல்லையைத் தாண்டினால் அதே நீலத்துக்கு வேறு அர்த்தம்.

என் முதல் வருடக் கதையைச் சொல்கிறேன். மீக்கர் ஊருக்கு வடக்கே அழகான ஒரு மஞ்சள் துண்டு கண்ணில் பட்டது. போன் வரைபடத்தில் ஒரு ரோடு நேராக அதற்குள் போனது. ராத்திரி 1 மணிக்குக் கிளம்பி, பிளாஸ்கில் காப்பியோடு நாலு மணி நேரம் ஓட்டிப் போய் நின்றால் இரும்பு கேட். அதில் ஒரு சங்கிலி, சங்கிலியில் பூட்டோடு பூட்டாகக் கோத்து நாலு பூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரிடம் சாவி, என்னிடம் ஒன்றும் இல்லை. காருக்குள் உட்கார்ந்து போனில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரோட்டுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. தரையில் அது 150 மீட்டர். கேட்டுக்கு இடப்பக்கம் வேலிகூட இல்லை, போர்டும் இல்லை. நாலு எட்டில் நடந்துவிடலாம் என்று மனசு சொன்னது. நல்லவேளை, நடக்கவில்லை. கொலராடோவில் வேலியோ போர்டோ இல்லாவிட்டாலும் தனியார் நிலத்தில் அனுமதியில்லாமல் வேட்டைக்குப் போகக்கூடாது. தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது.

விடிந்ததும் பண்ணைக்காரர் பிக்கப்பில் வந்தார். கோபப்படவில்லை. "வருஷத்துக்குப் பத்துப் பேர் இந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்" என்று சிரித்தார். அந்த மஞ்சளுக்கு மறுபக்கம் கவுன்டி ரோடு உரசிக்கொண்டு போவதையும் அவரே சொன்னார். அந்த வருடம் எல்க் கிடைக்கவில்லை. அவரை மட்டும் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதிலிருந்து நான் செய்வது இது. ஒரு துண்டு பிடித்துப்போனால் அதன் விளிம்பை முழுக்கச் சுற்றி வருவேன், விரலால்தான். ரோடு எங்கே அதைத் தொடுகிறது, அந்த ரோடு யாருடையது? செயலியில் கோடு தெரிகிறது என்பதற்காக அது பொது ரோடு ஆகிவிடாது. அந்தக் கவுன்டியின் ரோடு வரைபடத்தில் நம்பரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். வனத்துக்குள் என்றால் வனத்துறை இலவசமாகத் தரும் மோட்டார் வாகன வரைபடம் இருக்கிறது. எந்த ரோட்டில் எந்தத் தேதி வரை எந்த வண்டி போகலாம் என்று அதில் போட்டிருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், கறுப்பு வெள்ளையில் ஒன்றும் புரியாத மாதிரி. ஆனால் அபராதம் என்று வந்தால் அதுதான் பேசும்.

அப்புறம் போன் செய்வேன். நம்மவர்கள் இதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள். பி.எல்.எம்.முக்கு மீக்கரிலும் கிரெய்கிலும் கள அலுவலகங்கள் இருக்கின்றன, வனத்துறைக்கு ரேஞ்சர் அலுவலகங்கள். "எல்க் எங்கே?" என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்லிவைத்துவிடுவார்கள். "இந்த நம்பர் ரோட்டிலிருந்து இந்த மஞ்சளுக்குச் சட்டப்படி நடந்து போகலாமா, கேட் எப்போது மூடுவீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு முறை எனக்குப் பேசிய அம்மா வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டினால் வண்டி சிக்கும், இந்தப் பக்கமே நிறுத்திவிடுங்கள் என்பது வரை சொன்னார்.

டாலஸ் டு டென்வர்

ரொம்ப நன்றி அண்ணா. லைசென்ஸ் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். லைசென்ஸுக்கான ஏப்ரல் குலுக்கலைத் தவறவிட்டேன். மீந்த லைசென்ஸ் பட்டியலில் பெட்டை எல்க் ஒன்று இருக்கிறது, இப்போதே வாங்கிவிடவா?

தேனிக்காரன்

நில்லுங்கள், வாங்கிவிடாதீர்கள். அந்த வரியில் "தனியார் நிலத்தில் மட்டும்" என்று இருக்கிறதா பாருங்கள். மீந்த பட்டியலில் அந்த மாதிரி நிறைய வரும். நிலத்துக்காரரைத் தெரிந்தவர்களுக்கு அது வரம், உங்களுக்குப் பயனில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு தேசிய வனத்துக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் லைசென்ஸை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், தப்பித்தார்.

பிப்ரவரியில் வந்தீர்கள் என்றால் தொடர்ந்து ஆறு மாதம் முடிகிற நாளை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முன் இந்த மாநிலத்தவர் என்று சொல்லி வாங்கினால் பொய்ச் சத்தியம். விலை வித்தியாசம் ஆசை காட்டும். உள்ளூர்க்காரருக்கு ஆண் எல்க் லைசென்ஸ் 100 டாலருக்குள், வெளிமாநிலத்தவருக்கு 700க்கும் மேல். டெக்சாஸ் ஹன்டர் எஜுகேஷன் அட்டை இங்கே செல்லும்.

இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் சீசன்களில் பல யூனிட்டுகளுக்கு, அதாவது வேட்டைக்காகப் பிரித்த பகுதிகளுக்கு, ஆண் எல்க் லைசென்ஸைக் குலுக்கல் இல்லாமல் கடையிலேயே வாங்கலாம். இரண்டாவது சீசன் அக்டோபர் கடைசியில் வரும், உங்களுக்கு அதுதான் சரி. எந்தெந்த யூனிட் என்பதை இந்த வருட விதிப் புத்தகத்தில் பாருங்கள், போன வருடப் புத்தகத்தை நம்பாதீர்கள். பெரும்பாலான யூனிட்டுகளில் ஒரு பக்கக் கொம்பிலாவது நாலு கிளை வேண்டும், அல்லது நெற்றிக் கிளை 5 அங்குலம் இருக்க வேண்டும். பைனாகுலரில் எண்ணிவிட்டுத்தான் ரைஃபிளை எடுக்க வேண்டும்.

லாரமி அக்கா

வயோமிங்கிலிருந்து ஒரு வார்த்தை. தேனிக்காரர் பாதை பற்றிச் சொன்னார், மூலையை விட்டுவிட்டார்.

எங்கள் தெற்குப் பக்க வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். 1860களில் ரயில் பாதை போடுவதற்காக ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக ரயில் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், மிச்சக் கட்டங்கள் அரசிடம் நின்றன. இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மூலையிலிருந்து மூலைக்குக் கால் எடுத்து வைத்தால், தனியார் நிலத்தை மிதிக்காவிட்டாலும், மேலே இருக்கிற காற்றில் அத்துமீறியதாக ஆகுமா?

மிசூரியிலிருந்து வந்த நாலு வேட்டைக்காரர்கள் இங்கே எல்க் மவுன்டன் மலைப் பக்கம் ஏணி வைத்து அப்படித்தான் தாண்டினார்கள். கிரிமினல் வழக்கில் 2022இல் விடுதலை ஆனார்கள். பண்ணை நிறுவனம் போட்ட சிவில் வழக்கிலும் 2025 மார்ச்சில் 10ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொது நிலத்தை வழிமறிக்கக்கூடாது என்கிற 1885ஆம் வருடச் சட்டம்தான் அடிப்படை. அதே வருட அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. கொலராடோ, வயோமிங், யூட்டா, நியூ மெக்சிகோ எல்லாம் அந்த சர்க்யூட்டுக்குள் வரும். மொன்டானா வராது, அங்கே மாநிலத் துறை இன்னும் கூடாது என்றே சொல்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டது என்று புதியவர்கள் முதல் வருடமே மூலை தாண்டப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மூலைக்கல் எங்கே என்று தரையில் தெரிய வேண்டும், போன் காட்டும் புள்ளி சில மீட்டர் தள்ளி நிற்கும்.

தம்பி என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால் இன்னொன்று: வெளிமாநிலத்தவர் இங்கே வில்டர்னஸ் (இயற்கையாகவே விட்டுவைத்த காடு) பகுதிக்குள் பெரிய விலங்கு வேட்டைக்குப் போக வழிகாட்டி கூட வர வேண்டும். கொலராடோவில் அப்படி இல்லை. பண்ணைக்காரர்களே பொதுமக்களுக்குத் திறந்துவிடும் இடங்களும் உண்டு. எங்களிடம் அதற்கு அக்சஸ் யெஸ் என்று பெயர், மொன்டானாவில் பிளாக் மேனேஜ்மென்ட். எந்த மாநிலத்துக்குப் போனாலும் இதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

இன்னொரு புதுசு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கெல்லாம் துப்பாக்கி தொடவே கூடாது என்கிறார்கள், உண்மையா?

தேனிக்காரன்

பாதி உண்மை. எச்-1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பதுதான் மத்திய அரசுச் சட்டம். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் ஃபார்ம் 4473இலும் இதைக் கேட்பார்கள், லைசென்ஸைக் காட்ட வேண்டும். கவனம், லைசென்ஸ் காலாவதி ஆனால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி அலமாரியில் சும்மா இருந்தாலும் தப்புத்தான். நண்பருடையதை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கும் இதே விதி. விசா விஷயம், குடும்பமே அதில் தொங்குகிறது, இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மணி நேரக் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அதுவரை வில் அம்பு பழகலாம், மத்திய சட்டத்தில் அது துப்பாக்கி இல்லை.

டாலஸ் டு டென்வர்

மூன்று இடம் குறித்துவிட்டேன் அண்ணா. ஒன்றில் வெள்ளை நூல் இருந்தது, தள்ளிவிட்டேன். இரண்டாவதற்குப் போன் செய்தேன், நவம்பர் வரை கேட் திறந்திருக்குமாம். மூன்றாவது ரோட்டிலிருந்து 6 மைல் உள்ளே, 3,200 மீட்டர் உயரம். அங்கேதான் கூட்டம் இருக்காது என்று தோன்றுகிறது.

தேனிக்காரன்

மூன்றாவதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். கூட்டம் இருக்காதுதான், ஏன் இருக்காது என்று யோசியுங்கள். ஆண் எல்க் 300 கிலோ வரும். எலும்பை நீக்கினாலும் 80, 90 கிலோ கறி. அதை அங்கே விட்டுவிட்டு வருவது குற்றம். முதுகில் ஒரு தடவைக்கு 25 கிலோ என்று வையுங்கள், 6 மைல் போக, 6 மைல் வர, நாலு தடவை. கணக்கு 48 மைல் வருகிறது, அதுவும் டாலஸில் பழகிய நுரையீரலோடு. ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் போதும். மலையின் வடக்குச் சரிவில் மரம் அடர்ந்த இடமாகப் பாருங்கள், முதல் நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்க் அந்த மாதிரி இடத்துக்குத்தான் ஒதுங்கும். தலையிலும் இடுப்புக்கு மேலும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க், 500 சதுர அங்குலம், மறக்காதீர்கள்.

கறி கிடைத்தால் சுக்கா வைப்பது எப்படி என்று தனியாக எழுதுகிறேன். கொழுப்பே இருக்காது, ஆட்டுக்கறி மாதிரி வறுத்தால் செருப்பு ஆகிவிடும்.

அந்த இரண்டாவது இடத்துக்குச் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போய் கேட் வரைக்குமாவது பார்த்துவிட்டு வாருங்கள். பூட்டு தொங்கினால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.