நாள்பட்ட நுரையீரல் நோயும் மூச்சுப் பயிற்சியும்: உங்கள் அனுபவம் என்ன?

மகள், திண்டுக்கல்

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழல்கள் குறுகி மூச்சை வெளியே விடச் சிரமப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி, சிகரெட்டைத் தொட்டவர் அல்லர். வாழ்நாளெல்லாம் விறகடுப்புப் புகைதான். இன்ஹேலர், நெபுலைசர் பற்றியெல்லாம் நீங்கள் அறிவீர்கள். என் மனத்தை விட்டு அகலாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். குளித்துவிட்டு வந்தவர் தலை துவட்டக் கைகளை உயர்த்தியதும் மூச்சு முட்டி, தோள்கள் மேலேறி, பேச முடியாமல் நின்றார். அப்போது வீட்டுக்கு வந்திருந்த இயன்முறை மருத்துவர் அவரை நாற்காலியில் அமர்த்தி, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி முன்னால் சாயச் செய்து, "இழுப்பதை விடுங்கள் அம்மா, வெளியே விடுவதை மட்டும் கவனியுங்கள்" என்றார். மூக்கால் இரண்டு எண்ணும்வரை உள்ளே, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை வெளியே. சிறிது நேரத்தில் தோள்கள் தணிந்தன. மூச்சுக்குத் தவிப்பவரிடம் வெளியே விடச் சொல்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நோயைக் கண்டறிந்த மருத்துவமனையில் இந்த எளிய முறையை ஏன் ஒருவரும் சொல்லித் தரவில்லை என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை.

ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி, கோவை

அந்த இயன்முறை மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி. இந்த நோய் உள்ள எங்களுக்குச் சிறு மூச்சுக்குழல்கள் வெளிமூச்சின்போது சீக்கிரமே மூடிக்கொள்வதால் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. குவித்த உதடுகள் தரும் எதிரழுத்தம் அவற்றைச் சற்று நேரம் திறந்து வைக்கிறது. ஆனால் வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சியை எல்லாருக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதை நான் ஏற்கமாட்டேன். என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் கை வைத்து, "இன்னும் ஆழமாக" என்று ஒருவர் வற்புறுத்தியபோது திணறல் கூடியது. காற்று தேங்கி உப்பிய நுரையீரல், தனக்குக் கீழுள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை ஏற்கெனவே தட்டையாக்கியிருக்கும்போது, அதற்கு இறங்க இடம் ஏது? மூத்த இயன்முறை மருத்துவர் ஒருவர்தான் அதை நிறுத்தச் சொன்னார்.

மனைவி, தஞ்சாவூர்

ஐயா, உங்களுக்கு ஒத்துவராததால் அதை அடியோடு தள்ளிவிட வேண்டாம்; நோய் முற்றாத சிலருக்கு அது உதவுவதைப் பார்த்திருக்கிறேன். என் கணவருக்குக் காசநோய் ஆறிய பின் மூச்சுக்குழல்கள் விரிந்து, சளி தேங்கும் தொல்லை. இருமி இருமிச் சோர்ந்தவருக்கு, கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல் வாயைத் திறந்து "ஹா" என்று ஊதக் கற்றுத் தந்தார்கள். அன்று முதன்முறையாகக் களைப்பின்றிச் சளி வெளிவந்தது.

மகளுக்குச் சில வார்த்தைகள். மூன்று பந்துக் கருவியை யாரேனும் வாங்கச் சொன்னால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் நுரையீரல் சுருங்காதிருக்க மூச்சை உள்ளிழுக்கப் பழக்குவது, அம்மாவின் சிக்கலோ வெளியே விடுவதில் இருக்கிறது. படியேறும்போதும் குனிந்து எழும்போதும் சிரமமான அந்தக் கணத்தில் மூச்சை வெளியே விடப் பழக்குங்கள். குளியலறையில் ஒரு முக்காலி போடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் கொடுப்பதானால் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். உடலில் கரியமில வாயு தேங்கும் நோயாளிகளுக்கு இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதையே மருத்துவர்கள் இலக்காக வைப்பார்கள். மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது, நடக்கவும் வையுங்கள். கால் தசைகள் வலுப்பெற்றால் அதே தூரத்துக்கு மூச்சு குறைவாகவே வாங்கும்.

மகள், திண்டுக்கல்

நன்றி அம்மா. முக்காலி வாங்கிவிட்டோம். நடக்கும்போது எத்தனை அடிக்கு ஒருமுறை மூச்சை விட வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?