களப்பணி ஆப் மதியத்துக்குள் பேட்டரியைக் குடித்துவிடுகிறது. எங்கே கை வைப்பது?

வரப்போரம் (கேள்வி)

ஆண்ட்ராய்டு ஆப். பால் சேகரிப்பு வண்டிகளில் போகிறவர்கள் காலை 5 மணிக்கு ஆன் செய்து மதியம் 1 மணி வரை ஓட விடுவார்கள். ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (திரை அணைந்தாலும் நிற்காமல் ஓடும் ஆப்பின் பகுதி) ஒன்று எப்போதும் ஓடும். 5 விநாடிக்கு ஒருமுறை ஹை அக்யூரசியில் இருப்பிடம் எடுத்து, 30 விநாடிக்கு ஒருமுறை சர்வருக்கு அனுப்பும். ஒரு தடவை போவது 200 பைட்தான். திரை பெரும்பாலும் அணைந்தே இருக்கும். 5000 எம்ஏஎச் பேட்டரி 11 மணிக்கே 40 சதவீதத்துக்கு வந்து நிற்கிறது.

ஜேசானை (எழுத்தாக அனுப்பும் டேட்டா வடிவம்) விட்டு புரோட்டோபஃபுக்கு (அதைவிடச் சிறிய பைனரி வடிவம்) மாறினால் குறையுமா? டார்க் மோடு போட்டால்? வண்டி எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் மேப்பில் பார்க்க முடியவேண்டும். அதை மட்டும் எடுக்க முடியாது.

அலைவரிசை

200 பைட்டை 80 பைட்டாக்கி ஒரு பயனும் இல்லை. இங்கே செலவு பைட்டில் இல்லை, எத்தனை தடவை ரேடியோவை எழுப்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

4ஜி மோடம் ஒரு பாக்கெட்டை அனுப்பி முடித்ததும் உடனே தூங்காது. அடுத்தது வரலாம் என்று கொஞ்ச நேரம் விழித்தே இருக்கும். இந்த வால் நேரத்தை நெட்வொர்க் தரப்பில்தான் அமைக்கிறார்கள்; 10 விநாடி என்பது சாதாரணம். உங்கள் கணக்கைப் போடுங்கள்: மணிக்கு 120 அப்லோடு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 11 விநாடி. மொத்தம் 1,320 விநாடி, அதாவது ஒரு மணி நேரத்தில் 22 நிமிடம் ரேடியோ விழித்திருக்கிறது. அதே டேட்டாவைச் சேர்த்து வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் 4 தடவை, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சிக்னல் குறைந்த கிராமச் சாலையில் மோடம் கூடுதல் சக்தியில் கத்த வேண்டியிருக்கும் என்பதால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

செய்முறை: இருப்பிடங்களை ரூம் (ஃபோனுக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸ்) டேபிளில் எழுதுங்கள். அனுப்பும்போது மொத்தத்தையும் ஜிஜிப் செய்து (சுருக்கி) ஒரே ரிக்வெஸ்ட். சர்வர் 200 (கிடைத்தது என்ற பதில் எண்) என்று சொன்ன பிறகுதான் வரிசைகளை அழிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஃபோனிலேயே ஒரு தனி ஐடி கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பதில் வழியில் தொலைந்து ரீட்ரை போகும்போது ஒரே புள்ளி இரண்டு தடவை பதிவாகும்.

லைவ் மேப்புக்கு எல்லா வண்டியும் எப்போதும் கத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. அப்லோடுக்கு வரும் பதிலிலேயே "அடுத்த இடைவெளி" என்று ஒரு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். யாராவது மேப்பைத் திறந்து வைத்திருந்தால் 60 விநாடி, இல்லையென்றால் 900. திறந்தவர் முதல் தடவை கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காத்திருப்பு பொறுக்காது என்றால் சாதாரண இடைவெளியை 300க்கு இறக்குங்கள். ஹை பிரையாரிட்டி எஃப்சிஎம் (கூகுளின் புஷ் மெசேஜ்) அனுப்பி எழுப்பலாமே என்று தோன்றும். ஆனால் பயனர் கண்ணுக்குத் தெரியும் நோட்டிஃபிகேஷன் எதுவும் காட்டாமல் அதை அடிக்கடி அனுப்பினால் கூகுள் அதை நார்மலுக்கு இறக்கிவிடும். அதை நம்பிக் கட்டாதீர்கள்.

சாட்டிலைட்சாமி

மேலே சொன்னது பாதிதாங்க. 5 விநாடி இடைவெளியில ஜிபிஎஸ் தூங்கவே வாய்ப்பில்ல, எட்டு மணி நேரமும் ஓடுது.

லொக்கேஷன் ரிக்வெஸ்ட்ல மூணு எண்ணை மாத்துங்க. இடைவெளி 30 விநாடி. குறைந்தபட்ச நகர்வு 50 மீட்டர். மேக்ஸ் அப்டேட் டிலே (புள்ளியைக் கொடுக்க எவ்வளவு நேரம் தாமதிக்கலாம்ங்கறது) 5 நிமிடம். மூணாவதைத்தான் பலபேர் விட்டுடுறாங்க. அது இடைவெளியைப் போல ரெண்டு மடங்காவது இருந்தாத்தான் பேட்ச் ஆகும். ஹார்டுவேர்ல வசதி இருந்தா புள்ளிகளை அங்கேயே சேர்த்து வெச்சு, மொத்தமா ஒரு தடவை பிராசஸரை எழுப்பிக் கொடுக்கும்.

வண்டி ஒரு சொசைட்டியில அரை மணி நேரம் நிக்கும்போது ஜிபிஎஸ் எதுக்கு? ஆக்டிவிட்டி ரெககனிஷன் டிரான்ஸிஷன் ஏபிஐல "அசையாம இருக்கு"ன்னு வந்ததும் ரிக்வெஸ்ட்டை எடுத்துடுங்க, "வண்டியில"ன்னு வந்ததும் திரும்பப் போடுங்க. அந்த அறிவிப்பு கொஞ்சம் லேட்டா வரும், அதனால கிளம்பின இடத்துல கொஞ்ச தூரம் விட்டுப்போகும். பால் கணக்குக்கு அது பரவாயில்ல. கிலோமீட்டர் படி கணக்குன்னா ஓடோமீட்டரைக் கேளுங்க, ஃபோனைக் கேக்காதீங்க.

வரப்போரம்

இரண்டும் புரிந்தது. கோடில் தேடியதில் சர்வீஸ் ஆரம்பிக்கும்போதே ஒரு பார்ஷியல் வேக்லாக் (திரை அணைந்தாலும் சிபியுவைத் தூங்கவிடாத பூட்டு) எடுத்து, மதியம்தான் விடுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் புள்ளி தவறுமா? மாற்றிய பிறகு குறைந்தது என்பதை எப்படிக் காட்டுவது?

மில்லிஆம்ப்

குற்றவாளி வரிசையில் வேக்லாக்கையும் சேருங்கள். அது இருக்கும் வரை சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்கே போகாது. மேலே சொன்ன பேட்சிங் எல்லாம் வீண். இருப்பிடம் வந்து சேரும்போது சிஸ்டமே எழுப்பிக் கொடுக்கும். உங்களுக்குத் தேவை டேபிளில் எழுதி முடிக்கும் அந்த ஒரு நொடிதான். அதற்கு வேண்டுமானால் 10 விநாடி டைம்அவுட்டோடு எடுங்கள். டைம்அவுட் இல்லாத அக்வயர் (வேக்லாக் எடுக்கும் அழைப்பு) ரிவ்யூவிலேயே நிற்க வேண்டிய கோடு.

அளப்பது: ஒரே ஃபோன், ஒரே சிம், ஒரே வழித்தடம். கிளம்பும் முன் ஏடிபி (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை தரும் கருவி) ஷெல்லில் டம்ப்சிஸ் பேட்டரிஸ்டாட்ஸ் கட்டளையை ரீசெட் விருப்பத்தோடு ஓட்டி, கேபிளைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் பக் ரிப்போர்ட் (ஃபோனில் நடந்ததன் பதிவுக் கோப்பு) எடுங்கள். அதில் மூன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் ஆப்பின் வேக்லாக் நேரம், மொபைல் ரேடியோ ஆக்டிவ் நேரம், ஜிபிஎஸ் நேரம். ஆப்புக்கு என்று காட்டும் எம்ஏஎச் எண், ஃபோன் கம்பெனி எழுதிவைத்த பவர் புரொஃபைலை (எந்தப் பாகம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற பட்டியல்) வைத்துப் போடும் மதிப்பீடு. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே ஃபோனில் ஒப்பிட உதவும். இரண்டு மாடல்களுக்கு இடையில் ஒப்பிட்டால் தப்பு.

பிக்சல் 6 அல்லது அதற்குப் பிந்தையது கையில் இருந்தால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பவர் புரொஃபைலரில் ஒவ்வொரு மின்தடத்தையும் நிஜமாகவே அளக்கலாம். அதுவும் முழு ஃபோனுக்கான அளவுதான், உங்கள் ஆப்புக்கு மட்டும் பிரித்துத் தராது.

ஒரு பொறி: டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக் கொடுத்தால் சிஸ்டம்தான் கேபிள் இல்லை என்று நம்பும், பேட்டரி ஏறிக்கொண்டேதான் இருக்கும். டோஸ் (சும்மா கிடக்கும் ஃபோனை ஆண்ட்ராய்டு தூங்கவைக்கும் நிலை) நடத்தையைச் சோதிக்க அது போதும். சதவீதம் பார்க்க உதவாது. சோதித்து முடித்ததும் பேட்டரி ரீசெட் கொடுக்க மறந்தால் ஃபோன் சார்ஜ் ஆவதையே காட்டாது, பிறகு சார்ஜரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கருந்திரை

டார்க் மோடு பற்றி யாரும் சொல்லவில்லை. எல்சிடி திரையில் பின்விளக்கு எரிந்தே இருக்கும், எனவே பூஜ்யம். ஓஎல்இடியில் வெளிச்சத்தைப் பொறுத்தது. பர்டூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்தபோது 30–50 சதவீத வெளிச்சத்தில் சராசரி மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம். வெயிலில் நிற்பவர் திரை முழு வெளிச்சத்தில்தான் இருக்கும், அந்த வகையில் உங்களுக்கு லாபம். ஆனால் அதே வெயிலில் கறுப்புத் திரையைப் படிக்கவும் முடியாது. எப்படியும் திரை அணைந்தே கிடக்கிற ஆப்பில் இது கடைசி வேலை.

அதைவிட, "பதிவாகிறது" என்று மினுக்கும் பச்சைப் புள்ளி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முடிவில்லா லாட்டி (ஆப்புக்குள் அனிமேஷன் ஓட்டும் நூலகம்) அனிமேஷன் என்றால் 120 ஹெர்ட்ஸ் ஃபோனில் அந்தப் புள்ளிக்காக விநாடிக்கு 120 ஃபிரேம் வரை வரைய வேண்டியிருக்கும். நிலையான படம் வையுங்கள். மினுக்கியே ஆகவேண்டும் என்றால் மங்கி மறையும் விளைவு வேண்டாம், விநாடிக்கு ஒருமுறை ஆன், ஆஃப்.

பசுமைக்கணக்கு

தலைப்பு பேட்டரி என்றாலும் ஒன்று. இதைச் செய்தால் மின்சாரம் மிச்சம் என்று மேலிடத்தில் பேசாதீர்கள், சிரிப்பார்கள். 5000 எம்ஏஎச் என்பது சுமார் 19 வாட்மணி. தினம் ஒரு முழு சார்ஜ் போட்டாலும் வருடத்துக்கு 7 யூனிட், சார்ஜர் இழப்போடு 8, 9. ஸ்மார்ட்ஃபோனின் கார்பன் கணக்கில் பெரும்பங்கு அதைத் தயாரிப்பதிலேயே போய்விடுகிறது.

பேசவேண்டியது சைக்கிள் (பேட்டரி ஒரு தடவை முழுதாக நிரம்பித் தீர்வது) கணக்கு. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கேட்பது, 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு. அந்தத் தரத்து பேட்டரியைத் தினம் ஒரு தடவை நிரப்பினால் 800 நாள். உங்கள் ஆப்பால் இரண்டு தடவை நிரப்ப வேண்டிவந்தால் 400. ஃபோன் வாங்கிக் கொடுப்பது யாரோ, அவருக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்.

வரப்போரம்

பச்சைப் புள்ளி இருக்கிறது, லாட்டிதான். முதலில் வேக்லாக், பிறகு பேட்ச் அப்லோடு, பிறகு ஜிபிஎஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதிப்பாகப் போட்டு, ஒரே வழித்தடத்தில் அளக்கிறேன்.

அலைவரிசை

சரியான வரிசை. இன்னொன்று: சர்வர் காலையில் விழுந்து எழுந்தால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ரீட்ரை செய்யும். வொர்க்மேனேஜர் (பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டு நூலகம்) பேக்ஆஃப், அதாவது அடுத்த ரீட்ரைக்கு முன் காத்திருக்கும் நேரம், இயல்பாக 30 விநாடியில் தொடங்கும். எக்ஸ்பொனென்ஷியலாகவே (ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக) விடுங்கள், லீனியருக்கு மாற்றாதீர்கள். இடைவெளி எண்ணோடு 0 முதல் 60 விநாடி வரை ஒரு ரேண்டம் எண்ணையும் கூட்டிவிடுங்கள்.