கல்லீரல் புற்றுநோய்: கட்டியை மட்டும் வெட்டுவதா, கல்லீரலையே மாற்றுவதா?

கேள்வி – காவிரிக்கரை

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. கால் வீக்கத்துக்காகச் சோதித்தபோது, ஹெபடைட்டிஸ் பி கிருமி நெடுநாளாக உடம்பில் இருந்ததும், அதனால் கல்லீரல் சுருங்கிப்போனதும், அதன் வலப்புறத்தில் 4 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பதும் ஒரே வாரத்தில் தெரியவந்தன. முதலில் பார்த்த அறுவை மருத்துவர், கட்டி உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். இரண்டாமவர் அதே சிடி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வெட்டினால் தாங்காது, மாற்றுக் கல்லீரல்தான் வழி என்கிறார். ரத்தச் சோதனையில் பிலிருபின் 1.9, ஆல்புமின் 3.0, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.4, பிளேட்லெட் 78,000. அல்ட்ராசவுண்டில் வயிற்றில் சிறிது நீர் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் நாளங்கள் புடைத்திருந்தன. ஒரே கட்டிக்கு எப்படி இரண்டு முடிவுகள்? கட்டியிலிருந்து ஊசியால் சிறிது சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டாம் என்று இருவருமே சொன்னதும் எனக்கு விளங்கவில்லை. தேவைப்பட்டால் என் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க நான் தயார்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

பயாப்சியிலிருந்து தொடங்குகிறேன். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது; புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உறிஞ்சுகிறது. ஆகவே மருந்து செலுத்தி எடுக்கும் சிடியில் முதல் கட்டத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப்போகும். சுருக்கம் கண்ட கல்லீரலில் இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் அதுவே நோயை உறுதிசெய்யப் போதும். ஊசி போன பாதையில் புற்றணுக்கள் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தை வீணாக ஏற்க வேண்டியதில்லை.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி. பிரெஞ்சு அறுவை மருத்துவர் குய்னோ 1957இல் கல்லீரலைத் தனித்தனி ரத்தக்குழாய்கள் கொண்ட எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். அந்த எல்லைகளை ஒட்டித்தான் இன்றும் வெட்டுகிறோம். நல்ல கல்லீரலில் கால் பங்கை விட்டுவைத்தாலே அது சில மாதங்களில் வளர்ந்து ஈடுகட்டிவிடும். சுருங்கிய கல்லீரலில் 40 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சுவது குறைவென்றால், எடுக்கப்போகும் பக்கத்துப் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கம் வளர நான்கு முதல் ஆறு வாரம் காத்திருப்பதும் உண்டு.

ஆனால் உங்கள் அப்பாவின் விஷயத்தில் அளவைவிட அழுத்தம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 78,000 பிளேட்லெட்டும் புடைத்த நாளங்களும் போர்ட்டல் அழுத்தம் ஏறிவிட்டதைச் சொல்கின்றன. பெரும்பகுதியை வெட்டிய பிறகும் குடலிலிருந்து வரும் ரத்தம் குறையாது. அத்தனையும் மிச்சமிருக்கும் சிறு துண்டின் வழியாகப் போயாக வேண்டும். கட்டி நன்றாக எடுக்கப்பட்டு, தையலும் ஆறி, இரண்டாவது வாரத்தில் மஞ்சள் காமாலை ஏறி, வயிறு நீர் கோத்து இழந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் தந்த எண்களைக் கூட்டினால் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அளக்கும் சைல்ட்-பியூ கணக்கில் 7, அதாவது ஏ, பி, சி என்ற மூன்றில் நடுவான பி நிலை. மேலும், வெட்டி எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுகளுக்குள் புதிதாகவோ மீண்டுமோ கட்டி வருகிறது, ஏனெனில் நோயை விளைவித்த அதே கல்லீரல் உள்ளேயே இருக்கிறது.

ஒற்றைக் கட்டியானால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாய்க்குள்ளும் வெளி உறுப்புகளிலும் பரவாமல் இருக்க வேண்டும் என்பது மாற்றுக் கல்லீரல் யாருக்குப் பொருத்தலாம் என்பதற்கு 1996இல் வெளியான மிலான் வரையறை. அப்பா அதற்குள் வருகிறார். எனவே நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடிந்தவரை, நான் இரண்டாமவர் பக்கம். கட்டி விளிம்பை ஒட்டியிருந்தால் சிறு துண்டாக, துளை வழியே செய்யும் லேப்பராஸ்கோபியில் எடுத்துவிடலாம் என்று முதலாமவர் எண்ணியிருக்கலாம். அதை அவரிடமே கேளுங்கள்.

மறுமொழி 2 – அம்மாவுக்குக் கொடுத்தவன்

மூன்றாண்டுகளுக்கு முன் என் வலப்பக்கக் கல்லீரலை அம்மாவுக்குக் கொடுத்தேன். தயார் என்று சொன்ன அன்றே கொடுத்துவிட முடியாது, தம்பி. எனக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்ததால், மூன்று மாதம் நடந்து 7 கிலோ குறைத்த பிறகுதான் என்னை ஏற்றுக்கொண்டார்கள். பெறுபவரின் எடையில் குறைந்தது 0.8 விழுக்காடு கல்லீரல் கிடைக்க வேண்டும் என்று அங்கே விளக்கினார்கள். 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். கொடுப்பவரிடம் மிஞ்சுவதும் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பெற்ற மகன் என்றாலும் உறவுக்குச் சான்று காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையில் என் இனிஷியல் தவறியிருந்ததற்காக இரண்டு வாரம் அலைந்தேன். ஆகவே தாள்களை இன்றே சரிபாருங்கள். அறுவைக்குப் பின் வலியைவிட, வயிற்றிலிருந்து நீர் வடியத் தொங்கவிட்ட டிரெய்ன் குழாயோடு ஒருக்களித்துப் படுக்க முடியாததுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பழைய வேலைக்குப் போனேன்.

மறுமொழி 3 – வடசென்னை

உறவில் கொடுப்பவர் இருந்தாலும், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான தமிழ்நாட்டு அரசுப் பட்டியலிலும் பதிந்துவையுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று சிகிச்சை செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. காத்திருக்கும் மாதங்களில் கட்டி வரையறையைத் தாண்டிவிடாமல் இருக்க, தமனி வழியாக மருந்து செலுத்தி அடைக்கும் 'டேஸ்' சிகிச்சை அப்பாவின் கல்லீரலுக்குத் தாங்குமா என்று கேளுங்கள்.

காவிரிக்கரை

மூவருக்கும் நன்றி. நேற்று முதல் மருத்துவரிடம் மறுபடி போனோம். அவர் அன்று பார்த்தது சிடியை மட்டும்தான்; எண்டோஸ்கோபி அதற்குப் பிறகு எடுக்கப்பட்டது. அறிக்கையைப் படித்ததும் அவரும் வெட்டுவதைக் கைவிட்டு, மாற்று சிகிச்சைக்கே எழுதிக் கொடுத்தார். கிருமிக்கு என்டெகாவிர் மாத்திரையும் தொடங்கியாயிற்று. ஆனால் அப்பா ஓ பாசிட்டிவ், நான் பி பாசிட்டிவ். வீட்டில் ஓ பாசிட்டிவ் என் தங்கைதான். அவளுக்கு ஒன்றரை வயதில் குழந்தை இருக்கிறது, பாலும் கொடுக்கிறாள். சோதனைகளுக்கு அவளை இப்போதே அழைத்துப் போகலாமா, ஐயா?